முதல் பத்துப் பேர் பட்டியல்: நாம் ஆடியே பார்த்திராத பில் ரஸ்ஸலை எந்த இடத்தில் வைப்பது?

விடியக்காலை ஆட்டம்:

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் ஆறு பேர் சேர்ந்து என்.பி.ஏ. என்கிற அமெரிக்கக் கூடைப்பந்து லீக் பார்க்கிறவர்கள். அமெரிக்காவில் ராத்திரி நடக்கிற ஆட்டம் நமக்குக் காலை ஐந்தரைக்கு வரும். பார்த்து முடித்து, குளித்து, அப்படியே வேலைக்கு ஓடுகிற கூட்டம். சீசன் முடிந்ததும் வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு சடங்கு வைத்திருக்கிறோம். ஆளுக்கு ஒரு தாளில் எல்லாக் காலத்துக்குமான முதல் பத்து ஆட்டக்காரர்களை எழுதிக்கொண்டு வரவேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் காரணம் சொல்லவேண்டும். "எனக்குப் பிடிக்கும்" என்பது காரணத்தில் சேராது.

என் தாளில் போன வருஷம் இருந்த வரிசை: ஜோர்டன், லெப்ரான், ரஸ்ஸல், கரீம், மேஜிக், டங்கன், பேர்ட், வில்ட், ஹக்கீம், கரி. மற்றவர்களைப் பற்றி வழக்கமான சண்டைதான். 1950, 60களில் பாஸ்டனுக்கு சென்டராக, அதாவது கூடைக்கு அருகே நிற்கும் உயரமான ஆளாக, ஆடிய ரஸ்ஸல் பெயரில்தான் என் சித்தப்பா மகன் பிடித்துக்கொண்டான்.

அவன் சொன்னது இது. "13 சீசனில் 11 கோப்பை, சரி. அவர் வந்தபோது லீகில் எத்தனை அணி? எட்டு. முதல் சில வருஷம் பிளேஆஃபில், அதாவது சீசன் கடைசியில் வரும் கோப்பைச் சுற்றில், இரண்டு தொடர் ஜெயித்தால் கோப்பை கையில். சராசரி 15 புள்ளி. ஃபவுலுக்குக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோவில் 56 சதவீதம். கூடப் பிறந்தவன் கேட்கிறேன், அவர் ஆடிய ஒரு ஆட்டத்தை முழுசாகப் பார்த்திருக்கிறாயா?"

பார்த்ததில்லை. துண்டுத் துண்டாகக் கறுப்பு வெள்ளைக் காட்சிகள்தான். அதற்குமேல் அன்றைக்கு என்னால் பேச முடியவில்லை. அதிலிருந்து யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

கோப்பையை எண்ணி வரிசை போட்டால் ராபர்ட் ஹோரியிடம் ஏழு இருக்கிறது, ஜோர்டனிடம் ஆறுதான். மொத்தப் புள்ளியை எண்ணினால் லெப்ரான், கரீம், அடுத்து கார்ல் மலோன். மலோனை மூன்றாவது இடத்தில் வைக்க எங்கள் ஆறு பேரில் ஒருவருக்கும் மனம் வராது. சரி, கண்ணால் பார்த்ததை மட்டும் நம்பலாம் என்றால், என் கண்ணையே நான் நம்பத் தயாராக இல்லை. நான் பார்க்க ஆரம்பித்தது 2011 ஃபைனல்ஸ். டல்லாஸுக்கு எதிரான நான்காவது ஆட்டத்தில் லெப்ரான் எடுத்தது எட்டே புள்ளி. நெருக்கடியில் ஒளிந்துகொள்கிற ஆள் என்று அன்றைக்கே முடிவுகட்டி, ஐந்து வருஷம் அவரை என் பட்டியலில் சேர்க்கவே இல்லை. 2016 ஜூன் 20, திங்கட்கிழமை காலை. அந்த சீசனில் 73 ஆட்டம் ஜெயித்த வாரியர்ஸ். நான்கு ஜெயித்தால் கோப்பை என்ற ஃபைனல்ஸில் 3-1 என்று பின்தங்கிய லெப்ரானின் கிளீவ்லாந்து ஏழாவது ஆட்டத்துக்கு இழுத்துக்கொண்டு வந்திருக்கிறது. கடைசி இரண்டு நிமிஷத்துக்குள் வாரியர்ஸ் இகுடாலாவின் பந்தை லெப்ரான் பின்னால் ஓடிவந்து பலகையோடு சேர்த்து அறைந்தாரே, அப்போது எழுந்து நின்றவன் ஆட்டம் முடியும்வரை உட்காரவில்லை. அன்றைக்கு ஆள் மாறவில்லை, என் கண்தான் மாறியது.

ஆகவே கேள்வி: நீங்கள் பார்க்காத ஒரு ஆளுக்கு எந்த அளவுகோலை வைக்கிறீர்கள்? ரஸ்ஸலுக்கு எந்த இடம், ஏன்?

ஸ்கோர் டேபிள்:

தம்பி, நான் மேசைக்குப் பின்னால் உட்காருகிறவன். மாவட்டப் போட்டி, கல்லூரிப் போட்டி என்று 26 வருஷமாக ஸ்கோர் ஷீட் எழுதுகிறேன். அந்தத் தாளில் ஏறும் புள்ளி, ஃபவுல், டைம் அவுட், இவற்றுக்குத்தான் இடம். தவறிய பந்தைப் பிடிக்கிற ரீபவுண்டுக்குக் கட்டமே கிடையாது. எனக்கு மனசு கேட்காமல் தனியாக ஒரு நோட்டில் ரீபவுண்டுக்குக் கோடு போட்டு வைப்பேன். பரிசளிப்பு முடிந்ததும் "யார் அதிகப் புள்ளி சார்?" என்று கேட்டு வருவார்களே தவிர, அந்த நோட்டை இன்றுவரை ஒருவரும் கேட்டதில்லை.

இதைச் சொல்லக் காரணம், எறிந்த பந்தைத் தடுக்கிற பிளாக்கும், பந்தைப் பறிக்கிற ஸ்டீலும் என்.பி.ஏ.வில் அதிகாரபூர்வக் கணக்குக்கு வந்தது 1973-74 சீசனில். ரஸ்ஸல் ஓய்வு பெற்றது 1969. அவர் எதற்காகப் பேசப்பட்டாரோ அதற்கு அவர் ஆடிய 13 வருஷமும் கட்டம் இல்லை. ஃபைனல்ஸ் எம்.வி.பி., அதாவது இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அப்படியே. அது முதலில் கொடுக்கப்பட்டது 1969இல், அதுவும் தோற்ற அணியின் ஜெர்ரி வெஸ்டுக்கு. இன்றைக்கு அந்த விருதுக்கு ரஸ்ஸல் பெயர். ஆடிய காலத்தில் அவருக்கு அது ஒன்றுகூடக் கிடைத்ததில்லை. உங்கள் தம்பி அவரைப் புள்ளிச் சராசரியால் அளக்கிறார். எழுதப்படாத தாளில் மதிப்பெண் தேடுவது போலத்தான் அது.

அப்படியானால் எதை வைத்து அளப்பது? நான் ஒரே ஒரு சீசனைக் காட்டுகிறேன், 1961-62. வில்ட் சேம்பர்லேன் ஆட்டத்துக்கு 50.4 புள்ளி. மார்ச் 2 அன்று ஹெர்ஷி ஊரில் நியூயார்க்குக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 100. ஆஸ்கர் ராபர்ட்சன் சீசன் முழுக்க டிரிபிள் டபுள் சராசரி, அதாவது மூன்று கணக்கிலும் பத்துக்கு மேல்: 30.8 புள்ளி, 12.5 ரீபவுண்ட், 11.4 அசிஸ்ட் (கூடைக்கு வழிவகுத்த பாஸ்). எல்ஜின் பேலர் ராணுவப் பணிக்கு நடுவில் வந்து வந்து ஆடி 38.3. ரஸ்ஸல் 18.9.

அந்த சீசன் முழுமைக்குமான எம்.வி.பி. யார் தெரியுமா? ரஸ்ஸல்.

அப்போது எம்.வி.பி.க்கு வாக்களித்தது பத்திரிகைக்காரர்கள் அல்ல, ஆட்டக்காரர்கள். 1980 வரை அந்த முறைதான். இன்னொன்றையும் பாருங்கள். அதே சீசனின் சிறந்த ஐவர் பட்டியலான ஆல் என்.பி.ஏ. முதல் அணியில் சென்டர் இடத்தைப் பத்திரிகைக்காரர்கள் வில்ட்டுக்குக் கொடுத்தார்கள், ரஸ்ஸல் இரண்டாவது அணியில். கேலரியில் இருந்து பார்த்தவர்களுக்கு 50 புள்ளி தெரிந்தது. அவருக்கு எதிரே நின்று ஷூட் பண்ண வேண்டியிருந்தவர்களுக்கு வேறொன்று தெரிந்திருக்கிறது. நான் பார்க்காத ஆளுக்கு என் அளவுகோல் இதுதான்: எதிரே நின்றவர்களைக் கேட்பேன். மூன்றாவது இடத்தில் வைத்திருக்கிறீர்கள், என்னைக் கேட்டால் இரண்டு.

ஸ்காபரோ 1995:

தம்பி, உங்கட கேள்வி நல்ல கேள்வி. ஐயா சொன்ன வாக்குக் கதையும் எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா நான் கொஞ்சம் மாறிச் சொல்லப் போறன்.

நான் எங்கட ரொறொன்ரோ அணி ராப்ரர்ஸ் துவங்கின வருசத்தில இருந்து அவையின்ர ஆள். 2001 மே மாதம், பிலடெல்பியாவோட ஏழாவது ஆட்டம். ஒரு பொயின்ற் பின்னுக்கு நிக்கிறம். கடைசிப் பந்து வின்ஸ் கார்ட்டரின்ர கையில. எறிஞ்சார், வளையத்தில பட்டு வெளியில போச்சு. 88-87. அண்டைக்கு எங்கட வீட்டில ஒருத்தரும் சாப்பிடேல்ல. பதினெட்டு வருசம் கழிச்சு, 2019 மே 12, திரும்பவும் பிலடெல்பியா, திரும்பவும் ஏழாவது ஆட்டம், திரும்பவும் கடைசிப் பந்து. எங்கட கவாய் லெனர்ட் மூலையில இருந்து எறிஞ்ச பந்து வளையத்தில நாலு தரம் துள்ளி உள்ளுக்க விழுந்தது. பிறகு கோப்பையும் வந்தது. கார்ட்டரின்ர பந்து அரை அங்குலம் தள்ளி விழுந்திருந்தா? கவாயின்ர பந்து மூண்டாம் துள்ளலில வெளியில போயிருந்தா? ரெண்டு பேருக்கும் இண்டைக்கு நாங்கள் வேற இடம் குடுத்திருப்பம். ஆக்கள் அதே ஆக்கள்தான்.

ரஸ்ஸலுக்கும் இது பொருந்தும். ஐயா சொன்ன அதே 1962, லேக்கர்ஸோட ஏழாவது ஆட்டம். 100-100 எண்டு சமமா நிக்கேக்க கடைசி நொடியில பிராங்க் செல்வி எறிஞ்ச பந்து வளையத்தில பட்டுத் திரும்பினது. அது விழுந்திருந்தா லேக்கர்ஸுக்குக் கோப்பை. மேலதிக நேரத்தில பொஸ்ரன் 110-107. அந்த ஆட்டத்தில ரஸ்ஸல் 30 புள்ளியும் 40 ரீபவுண்டும். செல்வி போட்டிருந்தாலும் அந்த 40 ரீபவுண்ட் 40 தானே? அப்ப ஏன் கோப்பையை எண்ணுறம்?

ரீபவுண்ட் எண்ணிக்கையிலயும் கவனம் வேணும். அந்தக் காலத்தில ஒரு அணி ஒரு ஆட்டத்தில 100க்கு மேல எறியும், பாதிக்கு மேல தவறும். ஆட்டத்துக்கு ஒரு அணிக்கு 70 ரீபவுண்ட் கிட்ட வரும். இப்ப அது 40 சொச்சம். ரஸ்ஸலின்ர 22ஐ அப்பிடியே இண்டைய ஆக்களோட வைக்கேலாது. வில்ட்டின்ர 50 புள்ளிக்கும் இதே கழிவு போடத்தான் வேணும், நான் பட்சபாதம் பாக்கேல்ல.

இன்னொண்டு, கூட ஆடின ஆக்கள். கூசி, ஷார்மன், ஹைன்சன், சாம் ஜோன்ஸ், கே.சி. ஜோன்ஸ், ஹாவ்லிசெக், எல்லாரும் ஹோல் ஒஃப் ஃபேம் எண்ட பெருமைப் பட்டியல்ல இருக்கினம். வில்ட்டுக்கு நல்ல துணை கிடைச்ச 1966-67ஐப் பாருங்கோ. தன்ர புள்ளியை 24க்கு இறக்கி, அசிஸ்டை எட்டுக்குக் கிட்ட ஏத்தினார். அணி 68 வெற்றி, 13 தோல்வி. ரஸ்ஸலின்ர பொஸ்ரனை 4-1 எண்டு அடிச்சுப் போட்டுக் கோப்பை எடுத்தார். நான் ஒரு ஆளின்ர உச்சத்தைத்தான் பாப்பன். அவருக்கு எல்லாம் சரியா அமைஞ்ச ஒரு வருசத்தில அவரை ஆர் நிப்பாட்ட முடிஞ்சது? உச்சத்தைப் பாத்தா வில்ட் உங்கட எட்டாம் இடத்தில இருக்க வேண்டிய ஆளே இல்லை. ரஸ்ஸலுக்கு நான் ஆறு குடுப்பன்.

விடியக்காலை ஆட்டம்:

ஸ்காபரோ அண்ணை, கார்ட்டர் பந்தும் கவாய் பந்தும் என் வாயை அடைத்துவிட்டன. ஒரு பந்தின் துள்ளலை வைத்து ஒரு ஆளை ஏற்றி இறக்கக் கூடாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் துள்ளல் ஒருமுறை கைகொடுக்கும், இரண்டுமுறை கைகொடுக்கும். ரஸ்ஸல் என்.பி.ஏ.வில் ஆடிய ஏழாவது ஆட்டங்கள் பத்து. பத்திலும் ஜெயம். அத்தனையையும் துள்ளலின் கணக்கில் எழுத எனக்குத் தைரியம் இல்லை.

நேற்று ராத்திரி இன்னொரு வழியில் போய்ப் பார்த்தேன். ஜெயித்த 11ஐ விட்டுவிட்டு, ஜெயிக்காத இரண்டு வருஷத்தில் என்ன நடந்தது என்று தேடினேன். ஒன்று 1958. செயின்ட் லூயிஸுடன் ஃபைனல்ஸ், மூன்றாவது ஆட்டத்தில் ரஸ்ஸலுக்குக் கணுக்கால் அடிபட்டது. அதன்பிறகு அவர் அவராக இல்லை. ஆறாவது ஆட்டத்தில் பாப் பெட்டிட் 50 புள்ளி போட்டு முடித்துவைத்தார். இரண்டாவது 1967, அண்ணை சொன்ன வில்ட். ஆக 13 வருஷத்தில் அவரை நிறுத்தியவை ஒரு கணுக்காலும் ஒரு வில்ட்டும்.

கூட ஆடியவர்கள் விஷயத்துக்கும் ஒரு பதில் அகப்பட்டது. 1950களின் தொடக்கத்திலேயே பாஸ்டனுக்கு ரெட் அவர்பாக் பயிற்சியாளர். கூசியும் ஷார்மனும் இருந்தார்கள். ரஸ்ஸல் வரும்வரை ஒரு கோப்பையும் வரவில்லை. 1969இல் ரஸ்ஸலும் சாம் ஜோன்ஸும் போனார்கள், ஹாவ்லிசெக் இருந்தார். அடுத்த சீசன் 34-48, பிளேஆஃபுக்கே போகவில்லை. நடுவில் கூசி, ஷார்மன், ஹைன்சன் எல்லாரும் ஒருவர்பின் ஒருவராக ஓய்வு பெற்றபோதெல்லாம் கோப்பை நிற்கவே இல்லை. கடைசி இரண்டு கோப்பையை அவர் ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் இருந்து எடுத்தார். முதலிலிருந்து கடைசிவரை மாறாமல் இருந்த ஒரே ஆட்டக்காரர் அவர்.

ஆனாலும் ஒரு இடத்தில் இடறுகிறது. 15 புள்ளி போடுகிற ஒருவர் களத்தில் அப்படி என்னதான் செய்து ஆட்டத்தைத் திருப்பினார்? காட்சிகளில் ஒரு பிளாக் தெரிகிறது, இரண்டு தெரிகிறது. அதற்குமேல் என் கண்ணுக்கு எட்டவில்லை.

இடதுகை கார்டு:

அதை நான் சொல்கிறேன் தம்பி. நான் கல்லூரி அணியில் நான்கு வருஷம் பாயிண்ட் கார்டு, பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிறவள். ஐந்தடி இரண்டங்குலம். உள்ளே பாய்கிற டிரைவ் போட்டு, கூடைக்கு அருகிலிருந்து லே-அப் அடிப்பதுதான் என் பிழைப்பு.

மண்டலப் போட்டி அரையிறுதியில் எதிரணியில் ஒரு சென்டர், ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு. முதல் கால்பகுதியில் நான் உள்ளே போனேன். அவள் என் பந்தை வெளியே அடித்துத் தள்ளவில்லை. மேலேயே மெல்லத் தட்டித் தன் கார்டின் கையில் போட்டாள். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் மறுமுனையில் இரண்டு புள்ளி. அடுத்தமுறை உள்ளே போனபோது அவள் கையைத் தூக்கவே இல்லை, ஒரு அடி நகர்ந்தாள், அவ்வளவுதான். நான் பந்தை வெளியே திருப்பி அனுப்பினேன். மூன்றாவது கால்பகுதியில் நான் உள்ளே போவதையே நிறுத்தியிருந்தேன். எங்கள் கோச் கத்துகிறார், "உள்ள போ, உள்ள போ!" கால் போகவில்லை. அந்த ஆட்டத்தில் அவளுடைய பிளாக் எத்தனை என்று எண்ணினால் ஒன்று. நான் போடாமல் விட்ட லே-அப்கள் ஏழோ எட்டோ. அவை எந்த நோட்டிலும் இருக்காது, ஸ்கோர் டேபிள் சாரின் நோட்டிலும்.

ரஸ்ஸலின் காட்சிகளில் நீங்கள் பிளாக்கைப் பார்க்காதீர்கள். பந்து வைத்திருக்கிறவனின் காலைப் பாருங்கள். உள்ளே ஒரு அடி வைத்துவிட்டுத் தயங்குவான், இல்லையென்றால் வழக்கத்தைவிட உயரமாக, அவசரமாக எறிவான். அடுத்து ரஸ்ஸல் பிளாக் செய்யும் பந்து எங்கே போகிறது என்று பாருங்கள். கேலரிக்குப் போகாது. கூசியின் கைக்குப் போகும். பிளாக்கிலேயே அவர் ஃபாஸ்ட் பிரேக்கை, எதிரணி திரும்புவதற்குள் மறுமுனைக்கு ஓடும் ஓட்டத்தை, தொடங்கிவிடுவார். இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, ஒருமுறை அடிவாங்கித் தெரிந்துகொண்டேன்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். "எல்லாக் காலத்துக்குமான முதல் பத்து ஆட்டக்காரர்கள்" என்று எழுதுகிறீர்கள். ஆறு தாள், அறுபது இடம், ஒரு பெண்கூட இல்லையா? லூசியா ஹாரிஸ் பெயரை உங்கள் கூட்டத்தில் ஒருமுறையாவது சொல்லியிருக்கிறீர்களா? 1976 மாண்ட்ரியலில்தான் பெண்கள் கூடைப்பந்து முதல்முறை ஒலிம்பிக்ஸுக்கு வந்தது. அதில் முதல் கூடையைப் போட்டவர் அவர். டெல்டா ஸ்டேட் கல்லூரிக்கு அடுத்தடுத்து மூன்று தேசியப் பட்டம் வாங்கித் தந்த சென்டர். என்.பி.ஏ. அணிகள் புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் 1977 டிராஃப்டில் நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் அவரை ஏழாவது சுற்றில் எடுத்தது, அவர் போகவில்லை. பெண்கள் லீகான டபிள்யூ.என்.பி.ஏ. தொடங்கியது 1997இல், அப்போது அவருக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. ரஸ்ஸலுக்குக் கட்டம்தான் இல்லை. ஹாரிஸுக்குத் தாளே இல்லை. மொத்தப் புள்ளி, மொத்தக் கோப்பை என்று எந்தப் பட்டியல் போட்டாலும் அவர் பெயர் அதில் வராது. நீங்கள் போடுவது என்.பி.ஏ. பட்டியல் என்றால் தலைப்பில் அப்படி எழுதுங்கள். கூடைப்பந்துப் பட்டியல் என்றால் எங்களையும் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

விடியக்காலை ஆட்டம்:

அக்கா, பதில் சொல்ல இரண்டு நாள் ஆனதற்கு மன்னிக்கணும். நீங்கள் சொன்னபடி காலைப் பார்த்தேன். 1960களின் ஃபைனல்ஸ் காட்சிகள் கிடைத்ததையெல்லாம் போட்டு, ரஸ்ஸலை விட்டுவிட்டு எதிரே வருகிறவர்களை மட்டும் பார்த்தேன். உள்ளே வந்த கால் நின்று திரும்புகிறது, ஒன்றல்ல, திரும்பத் திரும்ப. இத்தனை வருஷம் அதே காட்சிகளைப் பந்து போகிற வழியிலேயே பார்த்திருக்கிறேன்.

தலைப்பையும் மாற்றிவிட்டேன். இந்த ஞாயிறு என் தாள் இரண்டு. ஒன்றில் "என்.பி.ஏ. பத்து" என்று எழுதியிருக்கிறேன். இன்னொன்று வெறும் கூடைப்பந்து, அதில் இப்போதைக்கு லூசியா ஹாரிஸ், ஷெரில் மில்லர், சிந்தியா கூப்பர், டயானா டவுராசி என்று நான்கு பெயர் வந்திருக்கிறது. மீதியை நிரப்ப நான் இன்னும் நிறைய ஆட்டம் பார்க்க வேண்டும், அவசரமாக எழுத விரும்பவில்லை. நீங்கள் சிலரைச் சொன்னால் அங்கிருந்து தொடங்குகிறேன்.

என்.பி.ஏ. தாளில்: ஜோர்டன், லெப்ரான், ரஸ்ஸல், கரீம், மேஜிக், வில்ட், டங்கன், பேர்ட், ஹக்கீம், கரி. ஸ்காபரோ அண்ணைக்காக வில்ட் எட்டிலிருந்து ஆறு. அந்த 1967ஐ நான் சரியாக எடைபோடவில்லை. ஸ்கோர் டேபிள் சார், இரண்டாம் இடம்வரை உங்களோடு வர முடியவில்லை. 2016 காலையை என்னால் கீழே இறக்க முடியாது. ஆனால் ரஸ்ஸலுக்கு எதிரே போன வருஷம் எழுதிய "11 கோப்பை" என்பதை அடித்துவிட்டேன். இப்போது எழுதியிருப்பது: "1962இல் எதிரே நின்றவர்கள் 50 புள்ளியை விட்டுவிட்டு இவரைத் தேர்ந்தெடுத்தார்கள்."

சித்தப்பா மகன்:

வீட்டில் சொல்லாமல் இங்கே வந்து ஆள் சேர்க்கிறாய் என்று தெரிந்ததும் நானும் கணக்குத் தொடங்கிவிட்டேன். எல்லாவற்றையும் படித்தேன். கார்டு அக்கா எழுதியதை இரண்டு தடவை படித்தேன். பத்துக்குள் ரஸ்ஸலுக்கு இடம் உண்டு, அதை இங்கேயே ஒப்புக்கொள்கிறேன்.

கரீமுக்கு மேலே மட்டும் வைக்காதே. ஆறு எம்.வி.பி., வேறு யாருக்கும் இல்லை. முதல் ஃபைனல்ஸ் எம்.வி.பி. 1971, அடுத்தது 1985. நடுவில் 14 வருஷம். 38 வயதில், பாஸ்டனை அவர்கள் ஊரிலேயே முடித்துவிட்டு வாங்கினார். தலைக்கு மேலே ஒரு கையால் வளைத்து எறியும் ஒரே ஒரு ஸ்கைஹுக்கை வைத்துக்கொண்டு இருபது சீசன், அதைத் தடுக்க ஒருவருக்கும் வழி அகப்படவில்லை.

அப்புறம் அந்த "பத்துக்குப் பத்து". 1965, பிலடெல்பியாவுடன் ஏழாவது ஆட்டம், பாஸ்டன் ஒரு புள்ளி முன்னால், ஐந்து விநாடி மிச்சம். பந்தை உள்ளே போட வேண்டியவர் ரஸ்ஸல். அவர் எறிந்த பந்து கூடையைத் தாங்கிய கம்பியில் பட்டு எதிரணிக்குப் போய்விட்டது. பிலடெல்பியாவின் கிரீர் உள்ளே எறிந்த பந்தை ஹாவ்லிசெக் பாய்ந்து தட்டியதால்தான் 110-109. அந்தப் பத்தில் இதை யார் கணக்கில் எழுதுவாய்? ஞாயிற்றுக்கிழமை வரும்போது இதற்குப் பதிலோடு வா.